கணக்கெடுக்கும் நாளில் இல்லாத பிள்ளை

(இருங்காட்டுக்கோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பின்வரிசையில் சிலர் ஷிப்ட் முடிந்து அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் நேரே வந்திருக்கிறார்கள். அவர்களுக்காகவாவது சுற்றி வளைக்காமல் பேச வேண்டும். படிப்பைப் பாதியில் விட்டுவிடக்கூடிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு செலவழிக்கும் பணம் அவர்களிடம் போய்ச் சேருகிறதா என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்குத் தமிழ்நாடு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு 44,042 கோடி. ஆகவே பணமே இல்லை என்று புலம்ப நான் வரவில்லை. அந்தப் பணம் பிள்ளைகளை எப்படி எண்ணுகிறது, எந்த நாளில் எண்ணுகிறது என்பதில்தான் என் வழக்கு இருக்கிறது.

இந்த ஊரின் கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஹூண்டாய் நிறுவனம் 1996இல் வந்தது, 1998இல் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. அதற்கு முன்பு வெளியூர்க்காரர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை என்றால் கார் பந்தயத் திடல், அவ்வளவுதான். பிறகு 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2012இல் டெய்ம்லர் லாரிகள். நோக்கியா 2014இல் மூடிப்போனது. மற்றவை பெருகின. கம்பெனி வந்தால் ஆள் வருவார்கள், ஆள் வந்தால் குடும்பம் வரும், குடும்பம் வந்தால் பிள்ளை வரும். முதல் இரண்டுக்கும் திட்டம் போட்டோம். சிப்காட் மனை ஒதுக்கியது, சாலை போட்டது, தண்ணீர் கொண்டுவந்தது. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது, நல்ல காரியம். கடைசியாக வரும் பிள்ளைக்கு என்ன செய்தோம்?

எந்தப் பிள்ளையைச் சொல்கிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். லைன் வீடுகளில் ஒரே அறையில் குடியிருக்கும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கக் கட்டடத் தொழிலாளியின் பிள்ளை. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பகுதிகளிலிருந்து காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு வரும் குடும்பத்தின் பிள்ளை. சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மரம் வெட்டவும் முன்பணம் வாங்கிக்கொண்டு போகும் இருளர் வீட்டுப் பிள்ளை. நிலம் விற்ற காசும் தீர்ந்து, பதினாறு வயதில் கம்பெனி பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நிற்கும் உள்ளூர்ப் பையன். நால்வருக்கும் பொதுவான ஒன்று, யாரும் ஒரு பள்ளியில் நிலைத்து நிற்பதில்லை.

அரசுப் பணமோ நிற்கும் பிள்ளையைத்தான் எண்ணும். ஆசிரியர் பணியிடங்களை ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்து நிர்ணயிக்கிறோம். நாடு முழுதும் பள்ளிகளின் புள்ளிவிவரத்துக்கான அடிப்படை நாள் செப்டம்பர் 30. சமக்ர சிக்ஷா என்ற ஒன்றிய-மாநிலக் கூட்டுத் திட்டத்தின் பள்ளி மானியம் இந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது: 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 பேர் வரை 25,000, 250 பேர் வரை 50,000. எண்ணிக்கை தெரியும். அதில் எத்தனை பேர் சூளையிலிருந்து வருகிறார்கள், எத்தனை பேருக்குத் தமிழ் தெரியாது என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது.

ஒடியாக் குடும்பத்தின் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அங்கே நுவாகாய் என்று புத்தரிசித் திருநாள், ஆவணி புரட்டாசி வாக்கில் வரும். அந்தச் சமயத்தில்தான் தரகர் முன்பணத்தோடு வீட்டுக்கு வருவார். திருநாள் செலவுக்கும் பழைய கடனுக்கும் அந்தப் பணம் சரியாகப் போகும். கார்த்திகை, மார்கழியில் ரயில் ஏறுவார்கள். மழைக்கு முன்பு, ஆனி வாக்கில் ஊர் திரும்புவார்கள். செப்டம்பர் 30 அன்று அந்தப் பிள்ளை பலாங்கீரில் ஒரு பள்ளியில் உட்கார்ந்திருக்கும், அங்கே அதன் பெயர் எண்ணப்படும், அங்கே அதற்கான மானியம் போகும். ஜனவரியில் பிள்ளை இங்கே, காய வைத்த பச்சைக் கல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும். எடை குறைவான பிள்ளை கல்லின் மேல் கால் வைத்தாலும் கல் நசுங்காது என்பதால் அந்த வேலை பிள்ளைகளுக்கென்றே வந்து வாய்த்தது. பணம் ஓரிடம், பிள்ளை ஓரிடம்.

அந்தப் பிள்ளையை நம் ஆசிரியர் ஒருவர் போராடிப் பள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61லிருந்து மூன்று. ஆகஸ்டில் 58 பேர் இருந்த பள்ளி பிப்ரவரியில் 75 ஆனாலும் ஆசிரியர் இரண்டே பேர்தான். நன்றாக வேலை செய்த பள்ளிக்குக் கிடைக்கும் பரிசு கூடுதல் சுமை. பள்ளிக்கு வெளியே சுற்றும் பிள்ளையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகும் ஒரு தலைமையாசிரியரைத் திட்டுவதற்கு முன், இந்தக் கணக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அடுத்து ‘காமன் பூல்’. இங்கே இருக்கும் ஆசிரியர்கள் இப்போதே சிரிக்கிறார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எமிஸ் என்ற கல்வித் தகவல் இணையத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் உண்டு. பிள்ளை பள்ளியை விட்டுப் போனால் அந்த எண்ணைப் பொதுத் தொகுப்புக்கு அனுப்பிவிட வேண்டும். இன்னொரு பள்ளி அங்கிருந்து அதை எடுத்துக்கொள்ளும். தாம்பரத்துக்கு மாறிய பிள்ளைக்கு இது அருமையான ஏற்பாடு. சைட் வேலை முடிந்து விசாகப்பட்டினத்துக்குப் போன குடும்பத்தின் பிள்ளை? பெயர் திரையில் தொங்கிக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இல்லை. வகுப்பாசிரியை பதிவேட்டில் இருக்கும் கைப்பேசி எண்ணுக்கு அழைப்பார். எடுப்பது அப்பா இல்லை, மேஸ்திரி. சேர்க்கும் நாளில் அப்பாவிடம் தமிழ்நாட்டு எண் இருந்திருக்காது, மேஸ்திரியின் எண்ணையே கொடுத்திருப்பார்கள். “அவங்க வேற சைட்டுக்குப் போய்ட்டாங்க டீச்சர்” என்பார். எந்த சைட் என்றால், “கான்ட்ராக்டரைக் கேட்கணும்.” அதோடு சரி. அதற்கு மேல் தேடிப் போவது யார் வேலை? வகுப்பில் நாற்பது பேரை விட்டுவிட்டு அந்த ஆசிரியை போக முடியாது.

தேடிப் போவதற்கென்று திட்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆண்டுதோறும் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது. சமக்ர சிக்ஷாவில் உண்டு உறைவிட மையத்துக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய், உறைவிடம் இல்லாத மையத்துக்கு 6,000 ரூபாய் என்று அளவு வைத்திருக்கிறார்கள். மாதத்துக்கு 500. சூளைகளுக்குள்ளேயே பணியிடப் பள்ளிகள் நடத்தி, ஒடிசாவிலிருந்து ஒடியா பாடநூல்களை வரவழைத்து, ஒடியா தெரிந்த தன்னார்வலர்களை அமர்த்திய வேலை காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் நடந்தது. ஒடிசா அரசும் தன் பங்குக்குப் பெற்றோர் வேலைக்குப் போகும் மாதங்களில் பிள்ளைகளை ஊரிலேயே வைத்துக்கொள்ளப் பருவகால விடுதிகள் நடத்துகிறது. இரண்டு பக்கமும் அக்கறை இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் அந்த அக்கறைக்கு வரும் பணம் சமக்ர சிக்ஷா என்ற ஒரே வாய்க்காலில் வருகிறது. அந்த வாய்க்கால் அடைபட்டால் என்ன ஆகும் என்பதை 2024இல் பார்த்தோம்.

அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அரசியல் சத்தத்தில் கணக்கு காணாமல் போனது. சமக்ர சிக்ஷா 2018இல் பிறந்தது. சர்வ சிக்ஷா அபியான், இடைநிலைக் கல்வித் திட்டம், ஆசிரியர் பயிற்சி மூன்றையும் சேர்த்துக் கட்டினார்கள். ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்பது பங்கு. ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்க வேண்டும் என்று இருந்ததால் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. அதனால் சமக்ர சிக்ஷாவில் 2024-25க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் அந்த ஆண்டில் வரவில்லை. 2025 பிப்ரவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் வாரணாசியில் கொள்கையை ஏற்றால்தான் பணம் என்ற நிபந்தனையை வெளிப்படையாகவே சொன்னார். மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. ஒன்றுக்குக் கையெழுத்து போடாததற்கு இன்னொன்றின் பணத்தை நிறுத்துவது நியாயமில்லை என்பதே என் கருத்து.

ஆனால் இதில் யாரும் பேசாத ஒன்று உண்டு. பின்வரிசை நண்பர்களே, உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். வருமான வரி பிடித்தம் இருந்தால் அதன் மேல் 4 சதவீதம் ‘சுகாதார, கல்வி மேல்வரி’ பிடித்திருப்பார்கள். உங்கள் கம்பெனி கட்டும் வரியின் மேலும் அதே 4 சதவீதம். 2004இல் தொடக்கக் கல்விக்கென்று 2 சதவீதமாக வந்தது, 2007இல் 3 ஆனது, 2018இல் சுகாதாரத்தையும் சேர்த்து 4 ஆனது. சாதாரண வரியில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. மேல்வரியில் பங்கு கிடையாது, அரசியல் சட்டத்தின் 270ஆம் பிரிவு அதைப் பகிர்விலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆக, இருங்காட்டுக்கோட்டையில் ஓடும் கன்வேயர் பெல்ட்டிலிருந்து கல்விக்கென்று பெயர் சொல்லி ஆண்டுதோறும் பணம் டெல்லிக்குப் போகிறது. திரும்பி வருவது திட்ட நிதியாக மட்டும்தான், திட்ட நிதிக்கு நிபந்தனை போடலாம். பலாங்கீர்ப் பிள்ளை புறப்பட்ட இடத்திலாவது எண்ணப்படுகிறது, இந்தப் பணம் அங்கேயும் எண்ணப்படுவதில்லை.

நிதி நின்றபோது சத்துணவு நிற்கவில்லை, காலை உணவு நிற்கவில்லை. தடுமாறியது யார்? சிறப்புப் பயிற்றுநர்கள், இயன்முறை மருத்துவர்கள், வட்டார வள மையப் பணியாளர்கள், தன்னார்வலர்கள். மாற்றுத்திறன் பிள்ளையின் வீட்டுக்கே போய்ப் பாடம் சொல்லும் பயிற்றுநருக்குச் சம்பளம் எப்போது வரும் என்று தெரியவில்லை. மதிய உணவுக்கு அந்த நிலை ஏன் வரவில்லை என்று யோசியுங்கள். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1இல் சத்துணவைத் தொடங்கியபோது, டெல்லியில் இத்தனை பெரிய நாடு தழுவிய மதிய உணவுத் திட்டம் கிடையாது. அது 1995இல்தான் வந்தது. ஆகவே இங்கே மாநிலத்தின் சொந்தக் கணக்கில், அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பணியிடங்களோடு அது வேர் பிடித்தது. அமைப்பாளர்களின் ஊதியம் போதாது என்ற போராட்டம் இன்னும் ஓயவில்லை, உண்மைதான். ஆனாலும் ஆட்சி மாறினாலும் அடுப்பு அணையவில்லை. காலை உணவுத் திட்டமும் அப்படியே: 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடக்கம், மறு ஆண்டு ஆகஸ்ட் 25இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும். பெரும்பாலும் அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் சுய உதவிக் குழுப் பெண்களே சமைக்கிறார்கள். ஜனவரியில் சேர்ந்த பிள்ளைக்குத் தட்டு இல்லை என்று அந்தச் சமையலறை சொல்லாது. பாத்திரத்தில் கொஞ்சம் சேர்த்துப் போடுவார்கள்.

எதிர்ப்பக்கம் காஞ்சிபுரத்தின் பழைய அனுபவம். பட்டுத் தறிக்குக் கீழே பிள்ளைகள் உட்கார்ந்திருந்த காலம் இங்கே பலருக்கு நினைவிருக்கும். தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. பிள்ளைக்கு மாதம் ஒரு சிறு உதவித்தொகையும் உண்டு. தறிக்குப் போகாமல் வந்தால் அம்மா கையில் கொடுக்க அதாவது இருந்தது. அந்தத் திட்டத்தை 2021இல் சமக்ர சிக்ஷாவோடு இணைத்தார்கள். தனிப் பள்ளி வேண்டாம், பொதுப் பள்ளியே போதும் என்பது கொள்கையாகச் சரி. ஆனால் பிள்ளையைத் தேடிப் போக என்றே இருந்த ஓர் ஏற்பாடு, எல்லாவற்றையும் செய்யும் ஒரு பெரிய திட்டத்துக்குள் போனது. மூன்று ஆண்டு கழித்து அந்தப் பெரிய திட்டத்துக்கு வரும் ஒன்றிய நிதியே நின்றது.

பதினாறு வயதுக்காரருக்கு வருகிறேன். 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு ஏறக்குறைய 50,000 பேர் வரவில்லை என்றதும் தமிழ்நாடே திடுக்கிட்டது. ஒரு நாளில் காணாமல் போனவர்கள் இல்லை அவர்கள். பல பேர் பிளஸ் ஒன்னிலேயே வராமல் போனவர்கள், பட்டியலில் மட்டும் இருந்தவர்கள். 2011-12இல் ஒரு ஊக்கத்தொகை கொண்டுவந்தோம்: பத்தாம் வகுப்புக்கு 1,500, பிளஸ் ஒன்னுக்கு 1,500, பிளஸ் டூவுக்கு 2,000, ஆக 5,000 ரூபாயை அரசு நிறுவனம் ஒன்றில் முதலீடாகப் போட்டு, பிளஸ் டூ முடித்ததும் வட்டியோடு தருவது. நல்ல எண்ணம். ஆனால் ஒரகடத்துக்குப் போகும் பையனுக்கு அது ஒரு மாதக் கான்ட்ராக்ட் சம்பளத்தில் பாதிகூட வராது, அதுவும் படித்து முடித்த பிறகு. 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டம், 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டம் இரண்டும் கல்லூரியில் சேர்ந்த பிறகு மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. பெண் பிள்ளைகள் விஷயத்தில் அதன் பலனை நானே கண்ணால் பார்க்கிறேன், குறை சொல்ல மாட்டேன். எனினும் இவை கரை சேர்ந்தவருக்குத் தரும் பணம். ஒன்பதாம் வகுப்பில் மூழ்கிக்கொண்டிருப்பவருக்கு அந்தத் தலைப்பில் ஒன்றும் இல்லை.

சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. பேருந்துச் செலவுக்கும் துணைக்கு ஆள் அனுப்பவும் அரசு பணம் தருகிறது, அளவுகோல் தூரம். தொடக்கப் பள்ளிக்கு 1 கிலோமீட்டர், நடுநிலைக்கு 3 கிலோமீட்டர். இங்கே பள்ளி 400 மீட்டரில் இருக்கும், நடுவே பெங்களூர் நெடுஞ்சாலை ஓடும், கன்டெய்னர் லாரி நிற்காமல் வரும். அம்மா இரவு ஷிப்ட் போய்த் தூங்கும் காலையில் ஏழு வயதுப் பிள்ளையைக் கடக்கவைப்பது யார்? அளவுகோலின்படி அந்தப் பிள்ளைக்குப் பிரச்சினையே இல்லை.

கம்பெனிகள் தருகின்றனவே என்பீர்கள். 2013 நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்கு. இந்தப் பகுதிப் பள்ளிகளில் அதன் கைவண்ணம் தெரிகிறது: ஸ்மார்ட் கிளாஸ், கழிப்பறை, பெஞ்ச், சுவர் நிறைய ஓவியம். தேவையானவைதான், நன்றியோடு வாங்கிக்கொள்வோம். ஆனால் சம்பளம் தரச் சொல்லிப் பாருங்கள், தயங்குவார்கள். சம்பளத்துக்குத் திறப்பு விழா கிடையாது, அடுத்த ஆண்டும் தர வேண்டும். அவர்களை மட்டும் சொல்வானேன், அரசும் அதையே செய்கிறது. 2012இல் 5,000 ரூபாய்க்கு எடுத்த பகுதிநேர ஆசிரியர்கள் 2025இலும் 12,500 ரூபாயில்தான் நின்றார்கள், மே மாதம் அதுவும் இல்லை. இல்லம் தேடிக் கல்வித் திட்டத் தன்னார்வலருக்குத் தந்தது மாதம் 1,000 ரூபாய். வழிதவறிப் போகும் பிள்ளையைப் பிடித்து நிறுத்துவது ஒரு மனிதர், அந்த மனிதரைத்தான் நாம் எப்போதும் தற்காலிகமாக வைக்கிறோம். இந்தச் சொற்பொழிவே ஆண்டுதோறும் நடப்பது எப்படி? அறக்கட்டளையை நிறுவிய குடும்பம் முதலைத் தொடாமல் வட்டியில் நடத்துகிறது. ஒரு மாலைப் பேச்சுக்கு இருக்கும் உத்தரவாதம் அந்த மனிதருக்கு இல்லை.

வேறு எங்கேயாவது இதை யோசித்திருக்கிறார்களா? அமெரிக்காவில் பண்ணைத் தொழிலாளர்கள் அறுவடையைத் தொடர்ந்து மாநிலம் மாநிலமாகப் போவார்கள். 1965இல் ஏழைப் பள்ளிகளுக்கு நிதி தரும் சட்டம் போட்டவர்கள், மறு ஆண்டே இந்தப் பிள்ளைகள் அதில் விடுபட்டதை உணர்ந்து தனிப் பிரிவு சேர்த்தார்கள். அங்கே பிள்ளை இடம் மாறியதுதான் நிதிக்குத் தகுதி. ஒருமுறை மாறினால் 36 மாதம் வரை எண்ணிக்கையில் இருக்கும். கோடை விடுமுறை வகுப்புக்கும் சேர்த்து எண்ணுவார்கள், மாநிலங்களுக்கிடையே பிள்ளையின் பதிவேட்டைப் பரிமாறிக்கொள்ள இணைய ஏற்பாடும் உண்டு. பணக்கார நாடு, அவர்களால் முடியும் என்று சொல்லலாம். ஆனால் இதில் பணத்தை விட யோசனைதான் அதிகம். நம்மிடம் எமிஸ் இருக்கிறது, ஒடிசாவிடமும் அதன் பதிவேடு இருக்கிறது. இரண்டும் பேசிக்கொள்வதில்லை.

ஆகவே நான் கேட்பது மூன்று. முதலாவது, பொங்கல் விடுமுறை முடிந்ததும் இன்னொரு எண்ணிக்கை எடுத்து, கூடிய பிள்ளைகளுக்கு அந்தப் பருவத்துக்கு மட்டுமாவது ஆள் தர வேண்டும். இரண்டாவது, கட்டடம் கட்டும்போது அதன் செலவில் 1 சதவீதம் கட்டடத் தொழிலாளர் நலவாரியத்துக்குப் போகிறது. பதிவு செய்த தொழிலாளியின் பிள்ளைக்கு அதில் கல்வி உதவி உண்டு. இந்தத் தொழிற்சாலைகளைக் கட்டிய வெளிமாநிலத் தொழிலாளிகளின் பதிவைச் சைட்டிலேயே செய்ய வேண்டும். மூன்றாவது, தேடிப் போகும் வேலைக்கு மாநிலத்தின் சொந்த நிதியில் பணியிடம். தமிழ்நாட்டில் சுமார் 400 வட்டார வள மையங்கள். ஒன்றுக்கு ஐந்து பேர், மாதம் 25,000 சம்பளம் என்று வையுங்கள். ஆண்டுக்கு 60 கோடி ரூபாய். நான் தொடக்கத்தில் சொன்ன 46,767 கோடியில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட ஆகாது.

இங்கே வந்திருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் ஆகஸ்ட் 1க்குப் பிறகு சேர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர், எந்தத் தேதியில் சேர்ந்தார்கள், எந்த மொழி பேசுகிறார்கள், யார் யார் திரும்ப வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நகல் ஒன்று வட்டாரக் கல்வி அலுவலருக்கு, ஒன்று சட்டமன்ற உறுப்பினருக்கு. பள்ளிக் கல்வித் துறை மானியக் கோரிக்கை சபைக்கு வருவதற்கு முன்பு அது அவர் கையில் இருக்க வேண்டும்.